சாரல் காலத்தில் தென்காசிப் பக்கம்: பிள்ளைகளும் பெரியவர்களுமாக மூன்று நாள்

ஜூலை கடைசியில் மூன்று நாள் தென்காசிக்கு வருகிறோம், எட்டு வயது மகள், நாலு வயது மகன், மாமனார், முழங்கால் வலியுள்ள மாமியார் எல்லாரும் உண்டு, குற்றாலத்தில் குளிப்பதைத் தவிர என்ன செய்யலாம், எங்கே என்ன சாப்பிடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பிறந்து வளர்ந்தது இந்தப் பக்கம்தான். வருஷா வருஷம் சொந்தக்காரர்கள் சீசனுக்கு வந்து இறங்குவார்கள், அவர்களைக் கூட்டிக்கொண்டு சுற்றுவது என் வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. இங்கே வருகிற பலரும் பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி, சிற்றருவி என்று பட்டியல் போட்டு ஒரே நாளில் எல்லாவற்றிலும் தலையை நனைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். சின்னப் பிள்ளைகளையும் வயதானவர்களையும் வைத்துக்கொண்டு அப்படிச் சுற்றினால் ஈரத்துணி மூட்டைதான் மிஞ்சும். ஒரு நாளைக்கு ஓர் அருவி போதும். மிச்ச நேரத்தை வயலுக்கும் மலையடிவாரத்துக்கும் சாப்பாட்டுக்கும் கொடுங்கள்.

எந்த நேரத்தில் எந்தப் பக்கம் போவது என்பதைக் காற்றைப் பார்த்து முடிவு செய்யலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கேரளப் பக்கத்தில் கொட்டும். மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடுவதால் நம் பக்கத்துக்கு அதிகம் வராது. ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவு கணவாயில் மலை தாழ்ந்திருக்கிறது. அந்த வாசல் வழியாகக் காற்றும் மேகமும் உள்ளே வந்து, பூப்போலத் தூறிவிட்டுப் போகும். அதுதான் சாரல். பத்து நிமிஷம் தூறல், அப்புறம் இளவெயில், மறுபடி தூறல் என்று மாறி மாறி இருக்கும். செங்கோட்டையில் குடை பிடிக்கிற அதே நேரத்தில், தென்காசியிலிருந்து இருபது கிலோமீட்டர் கிழக்கே சுரண்டைப் பக்கம் மண் காய்ந்து கிடக்கும். ஆகவே மேற்கே மலை தெரியாமல் கறுத்துக் கிடந்தால் அன்றைக்குக் கிழக்கே வயல் பக்கம் போங்கள். மலை தெளிவாகத் தெரிந்தால் மேற்கே அருவிப் பக்கம் போங்கள். இந்தக் கணக்கில்தான் நாங்கள் விருந்தாளிகளைக் கூட்டிப் போவோம்.

அருவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிள்ளைகள் அதற்குத்தான் குதிப்பார்கள். பேரருவிக்குக் காலை ஐந்து, ஐந்தரைக்கெல்லாம் போய்விடுங்கள். விடிந்து வெயில் ஏறினால் வரிசை நீண்டுவிடும், சனி ஞாயிறு கேட்கவே வேண்டாம். பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனிப் பகுதி, பிடித்துக்கொள்ளக் கம்பியும் உண்டு. உங்கள் மாமியார் அருவியின் நேர்ப்பாய்ச்சலில் போய் நிற்க வேண்டாம். ஓரத்தில் சிதறி விழுகிற தண்ணீரே தோளுக்குப் பிடித்துவிட்ட மாதிரி இருக்கும், பாறை வழுக்கும் என்பதால் பக்கத்தில் ஒருவர் கையைப் பிடித்திருந்தால் போதும். நாலு வயதுப் பையனுக்கு இந்த இரைச்சலே பயமாக இருக்கலாம். அவனுக்குப் புலியருவி ஏற்றது. தண்ணீர் மெதுவாக விழும், பிள்ளைகள் அளைந்து விளையாட இடமும் இருக்கும். மலை மேலே இருக்கிற செண்பகாதேவி, தேனருவிக்கு வனத்துறை பொதுவாக ஆட்களை விடுவதில்லை. யாராவது ஆளைப் பிடித்துக் கூட்டிப் போகிறேன் என்றாலும் போகாதீர்கள்.

எண்ணெய் தேய்த்துக் குளிப்பது அந்தக் காலத்துக் குற்றாலப் பழக்கம். இப்போது அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு எதற்கும் அனுமதி இல்லை. அது நல்லதுதான், அந்தத் தண்ணீர்தான் சிற்றாறாகக் கீழே குளங்களுக்கும் வயல்களுக்கும் போகிறது. மாமனாருக்கு எண்ணெய்க் குளியல் வேண்டுமென்றால் தங்குகிற இடத்திலேயே தேய்த்து வெந்நீரில் குளித்துவிட்டு, அப்புறம் அருவிக்கு வரட்டும்.

இனி வருவதைக் கவனமாகப் படியுங்கள். பேரருவியில் பாதுகாப்பு வளைவு ஒன்று உண்டு. தண்ணீர் அந்த வளைவைத் தாண்டிக் கொட்டினால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். அன்றைக்குக் காவலர்களிடம் வாதாடாமல் தள்ளி நின்று பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும். தடை இல்லாத நாளிலும் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். வெள்ளையாக விழுந்துகொண்டிருந்த அருவி கலங்கிச் செம்மண் நிறமானால், சருகும் குச்சியும் சேர்ந்து வந்தால், மேலே காட்டில் பெருமழை பெய்கிறது என்று அர்த்தம். அருவிக்கரையில் வெயில் அடித்தாலும் அடுத்த சில நிமிஷங்களில் வெள்ளம் வந்துவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் அப்படித் திடீரென்று வந்த வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போய்விட்டது. அந்த நாளுக்குப் பிறகு, தண்ணீர் கொஞ்சம் கலங்கினாலும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளை நான் வெளியே இழுத்துவிடுவேன். அவர்கள் அழுதாலும் சரி.

குளித்து முடித்ததும் பசிக்கும், அருவிப் பசி தனிப் பசி. அருவிக்கரைக் கடைகளில் சூடாக மிளகாய் பஜ்ஜியும் சுக்குக் காபியும் கிடைக்கும். பையைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாதீர்கள், குரங்குகள் பிள்ளைகள் கையிலிருப்பதைத்தான் முதலில் குறி வைக்கும். அப்படியே பழக்கடைப் பக்கம் நடங்கள். மங்குஸ்தான், ரம்புட்டான், டுரியான் எல்லாம் சீசனில் குவிந்து கிடக்கும். மகளிடம் ஒரு மங்குஸ்தான் பழத்தைக் கொடுத்து அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். காம்புக்கு நேர் எதிரே சின்னப் பூ மாதிரி ஒரு தழும்பு இருக்கும். அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. ஆறு இதழ் எண்ணிவிட்டுத் தோட்டை உடைத்து ஆறு வெள்ளைச் சுளை பார்க்கிற பிள்ளை அடுத்த பழத்துக்குக் கை நீட்டாமல் இருக்காது. தோட்டின் சாறு துணியில் பட்டால் கறை போகாது, வெள்ளைச் சட்டை வேண்டாம். தோடு கல் மாதிரி இறுகிப்போன பழம் பழசு. விரலால் அழுத்தினால் லேசாக அமுங்குவதை எடுங்கள்.

பேரருவிக்குப் பக்கத்திலேயே குற்றாலநாதர் கோயில், சங்கு வடிவத்தில் அமைந்தது. அங்கிருந்து சற்றுத் தள்ளிச் சித்திரசபை. நடராசருடைய ஐந்து சபைகளில் ஒன்று இது. சிலைக்குப் பதிலாக ஓவியமாகவே இருக்கிறார். சுவர் முழுக்கப் புராணக் கதைகள். குளிக்க வருகிற கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை என்பதில் எனக்கு எப்போதுமே வருத்தம் உண்டு. கதை கேட்கிற வயதில் ஒரு பிள்ளையும் கதை சொல்கிற வயதில் ஒரு தாத்தாவும் இருக்கிற குடும்பம் உங்களுடையது. மாமனாரையும் மகளையும் அங்கே ஒரு மணி நேரம் விட்டுவிட்டு நீங்கள் துணியைக் காயப்போடலாம். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.

ஐந்தருவிப் பக்கம் போனால் அங்கே மேலே தோட்டக்கலைத் துறையின் பூங்கா இருக்கிறது. போகிற வழியில் வெண்ணமடைக் குளத்தில் தண்ணீர் இருந்தால் படகும் ஓடும். பூங்காவில் ஏற்ற இறக்கம் உண்டு. மாமியார் கீழேயே உட்கார்ந்துகொள்வது நல்லது.

இனி கிழக்குப் பக்கம். தென்காசியிலிருந்து சுந்தரபாண்டியபுரம், சாம்பவர்வடகரை வழியாகச் சுரண்டை வரை சூரியகாந்தி பயிரிடுவார்கள். ஜூலை கடைசி, ஆகஸ்டில் பூத்திருக்கும். எந்த வயலில் என்பது வருஷத்துக்கு வருஷம் மாறும், ஊருக்குள் ஒரு டீக்கடையில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். கேரளத்திலிருந்து வண்டி வண்டியாக இதைப் பார்க்கவே வருகிறார்கள். காலையில் போங்கள், அதற்குக் காரணம் இருக்கிறது. மொட்டாக இருக்கும்போதுதான் சூரியகாந்தி சூரியனோடு சேர்ந்து திரும்பும். விரிந்து முற்றிய பூ கிழக்கே பார்த்தபடி நின்றுவிடும். காலை வெயிலில் நீங்கள் கிழக்கு ஓரத்தில் நின்று மேற்கே பார்த்தால் வயல் முழுக்க உங்களைப் பார்க்கும், பின்னால் மலை நீலமாக நிற்கும். சாயங்காலம் போனால் பூவெல்லாம் நிழலில் இருக்கும். ஒரே வயலில் மொட்டும் பூவும் கலந்திருந்தால் மகளிடம் இரண்டும் எந்தத் திசையில் பார்க்கின்றன என்று குறித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வயலில் இறங்குமுன் சம்சாரியிடம் (விவசாயியை இங்கே அப்படித்தான் சொல்வோம்) கேட்டுவிட்டு இறங்குங்கள். அது எண்ணெய் வித்துக்காகப் போட்ட வெள்ளாமை. படம் எடுக்க வந்தவர்கள் செடியை மிதித்துச் சாய்த்தால் அவருக்குத்தான் நட்டம். சில வயல்களில் உள்ளே விடக் காசு கேட்பார்கள், கொடுங்கள். பூவைப் பறிக்க வேண்டாம். வரப்பிலேயே நடந்தால் போதும், தேனீக்கள் உங்களைக் கண்டுகொள்ளாது.

அந்த வயலோரத்தில் கூட்டாஞ்சோறு சாப்பிடுவதுதான் என்னைக் கேட்டால் இந்தப் பயணத்தின் உச்சம். கடையில் கிடைக்கிற சாப்பாடு இல்லை இது, வீட்டில் செய்வது. தங்குகிற வீட்டில் சமையலறை இருந்தால் நீங்களே செய்யலாம், பிள்ளைகளுக்கும் வேலை கொடுக்கலாம். எங்கள் சித்தி செய்கிற விதம் இப்படி: துவரம்பருப்பை முதலில் முக்கால் வேக்காடாக வேக வைப்பார். அதில் அரிசியைப் போட்டு, கூடவே கத்தரிக்காய், முருங்கைக்காய், வாழைக்காய், சீனியவரைக்காய் (கொத்தவரங்காய்தான்), கிடைத்தால் ஒரு துண்டு மாங்காய். தேங்காய், சீரகம், சின்ன வெங்காயம், மிளகாய் வற்றல், மஞ்சள் எல்லாம் கொரகொரப்பாக அரைத்து, புளியைக் கரைத்து ஊற்றி, அரிசியும் காயும் ஒன்றாகக் குழைகிறபோது ஒரு கை முருங்கைக்கீரையைத் தூவிக் கிளறுவார். கீரை போடுகிற நேரம்தான் முக்கியம், முன்னாலேயே போட்டால் நிறம் செத்துவிடும். கடைசியில் தேங்காய் எண்ணெயில் வடகம் தாளித்துக் கொட்டினால் தெருவே மணக்கும். முருங்கைக்கீரை உருவுகிற வேலையை மகளுக்கும் வெங்காயம் உரிக்கிற வேலையை மாமனாருக்கும் கொடுங்கள். வாழையிலையில் கட்டி எடுத்துப் போனால் இரண்டு மணி நேரம் கழித்துச் சாப்பிடுகிறபோது இன்னும் ருசியாக இருக்கும். தொட்டுக்கொள்ள அப்பளமும் மோர் மிளகாயும் போதும்.

வீட்டுச் சாப்பாடு போடுகிறவர்கள் யாரையாவது கேட்டுப் பிடித்தால் உளுந்தஞ்சோறு கேளுங்கள். தோல் உளுந்தும் அரிசியும் பூண்டும் வெந்தயமும் தேங்காய்த் துருவலும் சேர்த்து வடிப்பது, எள்ளுத் துவையலோடு சாப்பிட வேண்டும். முழங்கால் வலிக்காரர்களுக்கு உளுந்து நல்லது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். மருந்தாக இல்லாவிட்டாலும் ருசிக்காகவே சாப்பிடலாம். சொதி கிடைத்தால் அதையும் விடாதீர்கள். தேங்காய்ப் பாலில் பாசிப்பருப்பும் காய்கறியும் சேர்ந்தது, காரம் குறைவு, நாலு வயதுப் பையன் சாப்பிட்டுவிடுவான்.

அசைவம் சாப்பிடுவீர்கள் என்றால் பார்டர் பரோட்டா. தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவே பிரானூர் என்ற இடம். அங்கே பார்டர் எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம்தான் இருந்தது, மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதுவரை எல்லை பிரானூரில். எல்லை போய்விட்டது, பெயர் பரோட்டாவோடு நின்றுவிட்டது. ரஹ்மத் கடைதான் பேர்போனது, பக்கத்திலேயே வேறு கடைகளும் உண்டு. பரோட்டா உள்ளங்கை அளவுதான். இலையில் நாலைந்தைப் போட்டு, பிய்த்து, சால்னாவை மேலே ஊற்றி ஊறவிட்டுச் சாப்பிட வேண்டும். கூட நாட்டுக்கோழியோ காடையோ. சால்னா காரம், பிள்ளைகளுக்குத் தனியே வெறும் பரோட்டாவும் ஆம்லெட்டும் வாங்குங்கள். இரவு எட்டு மணிக்குமேல் இடம் கிடைக்காது. ஏழு மணிக்கே போய்விடுங்கள்.

செங்கோட்டைக்குள் நுழைகிற இடத்தில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரையோடு பழைய வாயில் நிற்கிறது. வாஞ்சிநாதன் பிறந்த ஊரும் இதுதான், நினைவிடம் இருக்கிறது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் நடந்ததை மாமனார் பேத்திக்குச் சொல்லட்டும்.

ஒரு நாள் ரயில் ஏறுங்கள். செங்கோட்டையிலிருந்து புனலூர் போகிற பாதை 1904-ல் திறந்தது. பிறகு மீட்டர்கேஜை எடுத்துவிட்டு, 2018-ல் அகலப் பாதை முழுவதும் ஓட ஆரம்பித்தது. பகவதிபுரம் தாண்டியதும் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளச் சுரங்கம். உள்ளே நுழையும்போது இந்தப் பக்கம் வெயில் அடித்தாலும் அந்தப் பக்கம் வெளியே வரும்போது பெரும்பாலும் மழை இருக்கும். சாரல் எங்கிருந்து வருகிறது என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு பிள்ளைக்குக் காட்ட முடியாது. கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலத்தின் மேல் ரயில் போகும். ரயிலில் இருந்தால் காடுதான் தெரியும், பாலத்தின் அழகு கீழே சாலையிலிருந்து பார்த்தால்தான். புனலூரில் இறங்கி 1877-ல் கட்டி முடித்த தொங்கு பாலத்தைப் பார்த்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்பலாம். வண்டிகள் குறைவு, திரும்பும் வண்டியின் நேரத்தைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். மாமியாருக்கு உட்கார்ந்துகொண்டே மலை பார்க்கிற நாள் இது.

அவருக்கு இன்னோர் இடம் பண்பொழித் திருமலைக் கோயில். குன்றின் மேல் முருகன். படியேற வேண்டியதில்லை, கார் மேலேயே போகும். காற்று சேலையைப் பிடித்து இழுக்கும், கீழே வயலும் தென்னந்தோப்பும் குளங்களும் வரைந்து வைத்த மாதிரி விரிந்து கிடக்கும். சாயங்காலம் நாலரைக்குப் போய் வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடுங்கள். குண்டாறு அணையும் பக்கம்தான். உயரம் 36 அடிதான், சின்ன அணை. நல்ல சாரலில் நிறைந்து வழியும். அங்கிருந்து ஜீப்பில் மேலே அருவிக்குக் கூட்டிப் போவார்கள். குலுங்கிக் குலுங்கிப் போகிற பாதை, முழங்கால்காரருக்கு வேண்டவே வேண்டாம். இளைஞர்கள் மட்டும் வந்தால் வேறு விஷயம்.

தங்குவதற்குக் குற்றாலத்தைவிட இலஞ்சி, மேலகரம் பக்கம் நல்லது. நடுராத்திரி வண்டிச் சத்தம் இருக்காது, இலஞ்சிக் குமாரர் கோயிலுக்கு மாமியார் நடந்தே போய் வரலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து ஞாயிற்றுக்கிழமை போகிற திட்டம் என்றால் மாற்றிவிடுங்கள். திங்கள் முதல் வியாழன் வரை பாதிக் கூட்டம்தான். ஆளுக்கு இரண்டு துண்டு, ரப்பர் செருப்பு, பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் எடுத்து வாருங்கள். ஜூலையில் ஸ்வெட்டரா என்று கேட்காதீர்கள், நனைந்த பிள்ளை சாரல் காற்றில் நின்றால் பல் கிடுகிடுக்கும்.

சென்னையிலிருந்து என்றால் பொதிகை எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் தென்காசி. திரும்பும் நாள் ரயில் சாயங்காலம்தான், அதனால் காசி விசுவநாதர் கோயிலை அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள். 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டியது. பழைய கோபுரம் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாக நின்று, இப்போது இருக்கிற ஒன்பது நிலைக் கோபுரம் 1990-ல்தான் எழுந்தது, 180 அடி உயரம். கோபுர வாசலுக்குள் நுழையும்போது காற்று எதிரே வந்து நெஞ்சில் மோதும். தாண்டி உள்ளே சில அடி வைத்ததும் அதே காற்று பின்னாலிருந்து முதுகைத் தள்ளும். எங்கள் பிள்ளைகள் இந்த இடத்தில் நாலு தடவையாவது போய்ப் போய்த் திரும்பி வருவார்கள். உங்கள் பையனையும் விட்டுவிடுங்கள், ரயிலுக்கு நேரம் இருக்கும்.